தானே கரை சேரும் படகுகள்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

‘க்ரே ஜெட்டி’ வீடியோ ஆட்டத்தைத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. இணைய இதழில் நான் எழுதும் விமர்சனப் பத்திக்கு என் கணிப்பு: நடுத்தரம். ஆனால் எவ்வகை நடுத்தரம்? பேராசைப்பட்டுச் சறுக்கியதா, சிறிய இலக்கை வைத்துச் செம்மையாகத் தொட்டதா? இந்த வேறுபாடு அறியாதவர்களே ஐந்து நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் என்று வாரி இறைக்கிறார்கள்.

காற்றின் ஒலி மிகச் சிறப்பு. முகங்கள் மெழுகில் வார்த்தவை போல் அசையாமல் நிற்கின்றன. மீன்கள் துறைமுகத் தூண்களை ஊடுருவி நீந்துகின்றன. படகோட்டி நாள்தோறும் ஒரே வாக்கியத்தையே சொல்கிறான்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. நேற்று என் மூன்று படகுகளையும் கடலில் விட்ட நிலையில்தான் ஆட்டத்தை அணைத்தேன். இன்று ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை முடித்து வந்து திறந்தால், மூன்றும் துறையில் நிற்கின்றன. வலைகள் காய்கின்றன. மீன் ஐஸ் பெட்டியில் இருக்கிறது. இப்படியொரு வசதி உண்டென்று குறிப்பேதும் இல்லை. ஐயத்திற்குரியது.

செல்வராணி இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். என் கணவர் ரகுநாத்தின் தங்கை. அவள் கணவர் நிலவழகன் போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்து மூன்று வாரமாகிறது. ஆட்கள் அங்கே சிறையில். ஜெகதாப்பட்டினத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று இவர் திருக்கோகர்ணத்துக்கு அழைத்து வந்தார். அவள் அதிகம் பேசுவதில்லை. நான் ஆடும்போது பின்னால் அமர்ந்து பார்ப்பாள். நேற்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மதினி, இந்தப் போட்டுக்கெல்லாம் டீசல் யாரு போடுறா?”

ஆட்டத்தில் எரிபொருளே கிடையாது. குறைகளில் சேர்த்துக்கொண்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

நான்கு நாள் சோதித்தேன். ஒவ்வொரு மாலையும் படகுகளைக் கடலில் விட்டு அணைத்தேன். ஒவ்வொரு மறுநாளும் அவை கரையில். ஐயம் தீர்ந்தது. கட்டுரையை அனுப்பிவிட்டேன். அதில் இந்த வரிகளை நான் மிகவும் விரும்புகிறேன்:

“ஆடுபவர் இல்லாதபோதும் இக்கடல் உறங்குவதில்லை. விட்டுச்சென்ற படகுகள் தாமே கரை சேர்கின்றன. பெரும் பொருட்செலவில் உருவான ஆட்டங்கள்கூடக் காட்டாத இந்தக் கனிவு, இடைநிலை ஆட்டம் ஒன்றில் வாய்த்திருக்கிறது.”

திருச்சியிலிருந்து இணைய இதழை நடத்தும் சிவரஞ்சனி, “அருமை மேடம்” என்று பதில் அனுப்பினார். இரண்டே சொல். படித்தாரா என்பதே கேள்வி.

13 பிப்ரவரி, வியாழன்

கட்டுரையின் கீழ் சந்தோஷ்குமார் என்ற வாசகர் எழுதியிருக்கிறார்: “அக்கா, நான் ரெண்டு தடவ முடிச்சிட்டேன். கடல்ல விட்ட போட்டு கடல்லயேதான் கெடக்கும். நீங்க எந்தக் கேம ஆடினீங்க?” அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக.

யார் இவர்? எனக்கு முன் இப்பத்தியை எழுதியவரின் ஆளா?

மாலையில் சிவரஞ்சனியே அழைத்தார். “கம்பெனியிலயே கேட்டுட்டேன் மேடம். அப்படி ஒண்ணு கேம்லயே இல்லங்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க. இல்லன்னா பத்திய நிறுத்துறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல.”

பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். ஆங்கிலத்தை ஆட்டங்களின் வசனங்களிலிருந்து, மடியில் அகராதியை வைத்துக்கொண்டு கற்றேன். இந்தப் பத்தி ஒன்றில்தான் என்னைப் ‘பில் போடுற அக்கா’ என்று யாரும் அழைப்பதில்லை. அதையும் பிடுங்குவார்களா?

நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

விமர்சகர்களுக்கென்று தனிப் பிரதி அனுப்பி ஏமாற்றுகிறார்களோ?

17 பிப்ரவரி, திங்கள்

அந்தச் சந்தோஷ்குமார் மீண்டும் எழுதியிருக்கிறார்: “அக்கா, மெனுவுல மொத்த ஆட்ட நேரம் காட்டும். பாருங்க.” நான் அதைப் பார்க்கமாட்டேன் என்று நினைத்திருப்பார். பார்த்தேன்.

நான் ஆடியதைப் போல இரு மடங்கு காட்டுகிறது.

அப்படியானால் வேறொரு கை. இந்த வீட்டில் பகலில் இருப்பவர் யார்? திருமயம் பேருந்தில் கண்டக்டராகச் செல்லும் என் கணவருக்கு வாரத்தில் மூன்று பகல் ஓய்வு. கேட்டேன்.

“நானா? ஏண்டி, அந்த கேம் ஆடுற கருவிய எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே எனக்குத் தெரியாது. நாள் முழுக்க சில்லறைக்குச் சண்ட போட்டுட்டு வந்து, வீட்ல ஒக்காந்து மீன் பிடிப்பேனா?”

சிரித்தார். அதிகமாகச் சிரித்தார். குற்றமுள்ளவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்பது என் அனுபவம்.

19 பிப்ரவரி, புதன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

இவர் பேருந்துக்குச் சென்ற நாள் இது. ஆகவே இன்று படகுகள் கடலிலேயே கிடந்தால், குற்றவாளி அவர்தான் என்று உறுதியாகிவிடும். தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து முன்னதாகவே கிளம்பினேன்.

செல்வராணி.

தரையில் அமர்ந்து, டிவியின் ஒலியை முழுக்க அடைத்துவிட்டு, மூன்றாவது படகைத் துறைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டும் கருவியைக் கீழே வைக்கவில்லை. “செத்த இருங்க மதினி. இந்தா வந்துருச்சு.” படகு சுவரில் தட்டி நின்ற பிறகுதான் எழுந்தாள்.

கத்தினேன். இலக்கணமெல்லாம் போன இடம் தெரியவில்லை. “யாரக் கேட்டுடி தொட்ட? எம் பேரு நாறிக் கெடக்குது, தெரியுமா ஒனக்கு?”

“வெளிய மூணு போட்டு கெடக்குது. நீங்க பாட்டுக்கு அமத்திட்டு கடைக்குப் போயிர்றீங்க. எப்புடி மதினி மனசு வருது?”

“அது பொம்மைடி!”

“தெரியுது. பொம்மைதான். அதுனாலதான் என்னால கொண்டார முடியுது.”

கேட்க வேறெதுவும் தோன்றாமல், ஒலியை ஏன் அடைத்தாய் என்று கேட்டேன்.

“பக்கத்து வீட்டு சுகுணாக்கா காதுல விழுந்தா? புருசன் உள்ள கெடக்கான், இவ இங்கிட்டு ஒக்காந்து வெளையாடுறாம்பாக.”

20 பிப்ரவரி, வியாழன்

இவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. காபியில் சர்க்கரை கூடுதலாகப் போட்டேன். “என்ன, சந்தேகம் தீந்துருச்சா?” என்று கேட்டுவிட்டுக் குடித்தார்.

விளக்கம் எழுத அமர்ந்தேன், வரவில்லை. அணைத்த பிறகும் ஒருத்தியின் மனத்தில் படகுகள் கிடந்து அலைகின்றன என்றால், அந்த ஆட்டத்திற்கு நான் தந்த மதிப்பெண் சரியா? மெழுகு முகங்களும் தூண் வழியே நீந்தும் மீன்களும் அப்படியேதான் இருக்கின்றன. அவளுக்கு அவை கண்ணிலேயே படவில்லை. இது ஆட்டத்தின் நிறையா, அவள் கொண்டுவந்து வைத்ததா? இரக்கத்தில் மதிப்பெண்ணைக் கூட்டுகிறேனோ என்று என்மீதே எனக்கு ஐயம்.

“எம் பேரப் போட்டுறாதீங்க மதினி” என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

24 பிப்ரவரி, திங்கள்

அனுப்பிவிட்டேன். நான்கு முறை எழுதி, நான்கு முறையும் அழகாக வந்ததால் அழித்தேன். ஐந்தாவது இது:

“படகுகள் தாமே கரை சேர்வதில்லை. நான் வேலைக்குப் போன பிறகு என் வீட்டில் ஒருவர் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார். நான் அதை அறியவில்லை. நான் எழுதியது தவறு. மதிப்பெண்ணில் மாற்றமில்லை.”

கடைசி வாக்கியத்தை நீக்கலாமா என்று யோசித்து, நீக்காமல் விட்டுவிட்டேன்.

3 மார்ச், திங்கள்

சிவரஞ்சனி அழைத்தார். “மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது நீங்க எழுதினதுதானா? உங்க நடை மாதிரியே இல்ல. யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா, இல்ல ஏ.ஐ.யா?”

ஐந்து வாக்கியம் எழுத மூன்று நாள் ஆனது என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. பத்தி தொடரும், ஆனால் இனி ஒவ்வொரு கூற்றுக்கும் திரையைப் படம் பிடித்து இணைக்க வேண்டுமாம். பிறரை ஐயுறுவது எனக்குப் பழக்கம். பிறர் என்னை ஐயுறுவது இவ்வளவு கூசும் என்பது புதிது.

அந்தச் சந்தோஷ்குமார் ஓர் இதயக் குறி மட்டும் இட்டிருக்கிறார். என்ன பொருளில் என்று தெரியவில்லை.

செல்வராணியிடம் இனி ஒலியை வைத்தே ஆடச் சொன்னேன். சுகுணா கேட்டால் நான்தான் விடுப்பில் இருந்து ஆடுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். அங்கே நீதிமன்றத்தில் காவலை மறுபடி நீட்டித்துவிட்டார்களாம். அவள் அதைச் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

11 மார்ச், செவ்வாய்

கடையிலிருந்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. திருடன் என்றே எண்ணிச் செருப்பைக் கழற்றாமல் உள்ளே சென்றேன். ஆளில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. காற்று முழு ஒலியில் வீசியது. கருவி தரையில் கவிழ்ந்து கிடந்தது. மூன்று படகுகளும் நடுக்கடலில், மழை பிடித்திருந்தது.

சுகுணா வாசலில் வந்து நின்றாள். “ஒங்க வீட்டுக்காரரு வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அவ புருசன விட்டுட்டாங்களாம்! ராத்திரிக்குள்ள ஊரு வந்துருவாருன்னு போன் வந்துச்சாம். கால்ல செருப்பு இல்லாம ஓடுறா, நான் கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்கல.”

சுகுணா போன பிறகு திரையின் முன் அமர்ந்தேன். அலை உயர்ந்துகொண்டே இருந்தது.

படகுகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, ஆட்டத்தை அணைத்தேன்.