முதல் பாகம் முற்றும்

அன்புள்ள அம்மாவுக்கு, டோக்கியோவிலிருந்து சயோகோ வணங்கி எழுதுவது. அங்கே பனி குறைந்ததா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு சின்னச் செய்தி. கணினி விளையாட்டுக் கதை ஒன்றை மங்கா சித்திரக்கதைத் தொடராக வரைந்து வந்தேனே, அது அடுத்த மாதத்தோடு நிற்கிறது. அது வெளிவரும் மாத இதழையே மூடுகிறார்கள். ஆசிரியர் நோனாகா தேநீர் வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "கடைசிப் பக்கத்துல 'முதல் பாகம் முற்றும்'னு போட்டுடலாங்க. கௌரவமா இருக்கும்."

"ரெண்டாம் பாகம் எப்போங்க?" என்றேன்.

"நீங்க வேற! பாதியில நிறுத்துற தொடருக்கெல்லாம் அப்படித்தானே போடுறோம்?"

நானும் சிரித்துவைத்தேன். விளையாட்டில் அந்தக் கதைக்கு ஐந்து முடிவுகள் உண்டு. நான் ஒன்றைக்கூட வரையவில்லை. அழுகை வரவில்லை அம்மா. பேனா முனைகளைத் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கடிக்கும் சத்தமாவது அறையில் கேட்கும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. நம் ஊர்ப் புத்தகக்கடைக்காரர் மாதாமாதம் உங்களுக்காக அந்த இதழை எடுத்து வைப்பாரே, அடுத்த மாதத்தோடு போதுமென்று சொல்லிவிடுங்கள். ஏனென்று கேட்டால், முதல் பாகம் முடிந்துவிட்டது, இரண்டாம் பாகம் வரும்போது சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

சயோகோ