அறுபது ரோஸ் நிற விரிப்புகள்

மார்ச் 4

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் போன மறுநாள் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஊசி. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனீர்கள் அல்லவா, அதன் பட்டையில் குத்தியிருக்கிறது. வெள்ளை நூல் கோத்தபடியே இருக்கிறது. டாக்டர் கோட்டுகளில் பொத்தான் அறுந்து வந்தால் தைப்பதற்காக வைத்திருப்பீர்கள். நான் தொடவில்லை.

மகன் வீட்டில் சுகமா? நீங்கள் சுகமாக இருக்க ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன்.

சலவைக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. ரோஸ் நிறமாகிப்போன அந்த அறுபது விரிப்புகளையும் தூக்கிப் போடாமல் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் வெள்ளை வேண்டாம், இதுதான் வேண்டும் என்கிறார்களாம். மடிப்பு அக்கா, “இன்னும் அறுபது இதே மாதிரி குடுங்கன்னு ஆர்டர் வரப்போகுது பாரு”ன்னு சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. நானும்தான்.

மத்தியானம் உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் அதே பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பக்கத்தில் உங்கள் பெட்டி காலியாக இருக்கிறது. என் டப்பா மூடியை அதன்மேல் வைத்துக்கொள்கிறேன், யாரோ இருக்கிற மாதிரி. நீங்கள் போனதிலிருந்து ஒரு நாளில் நான் பேசுகிற வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

நற்குணத்தில் வளர வேண்டும் என்று ஆலயத்தில் இந்த மாதம் முழுக்கச் சொல்கிறார்கள். தினம் ஒரு நன்மை செய்து எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கினேன். கடைக்காரர், “திரும்ப ஸ்கூலுக்கா பாப்பா?” என்று கேட்டார். ஒன்பதாவதோடு நின்றவள் என்று அவருக்கு எப்படிச் சொல்ல? தலையை மட்டும் ஆட்டினேன். இன்றைய நன்மையாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பூனைக்குட்டி


மார்ச் 15

என் பூனைக்குட்டிக்கு,

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. சின்னதாக எழுதப் பயமாக இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிதான் வருகிறது. தாள் தீர்ந்துபோகிறது என்று பேரன் முறைக்கிறான்.

பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு ஆள்கூட ஒரு வரி போடவில்லை. வாயே திறக்காத நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கடிதத்தை மருமகளிடம் காட்டினேன். “பூனை பேசாதுன்னு சொன்னீங்க, இது என்ன இவ்வளவு பேசுது?” என்கிறாள்.

மருமகள் நல்லவள்தான். ஆனால் அடுப்புப் பக்கம் விடுவதில்லை. “கண்ணு சரியில்லாம கையச் சுட்டுக்கிட்டா யாரு பாக்கறது அத்தை? சும்மா உட்காருங்க” என்கிறாள். கடைக்குத் தனியாகப் போகக்கூடாது. தையல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கிறது. காலையில் அதில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கிறேன்.

மகன் கண் டாக்டரிடம் கூப்பிடுகிறான். நான் போகவில்லை. சிவப்புப் போர்வையா வெள்ளை விரிப்பா என்றே தெரியாமல் மெஷினில் போட்டவளுக்கு டாக்டர் வேறு என்ன சொல்லப்போகிறார்? அவர் வாயால் கேட்காதவரை கொஞ்சம் நிம்மதி.

அந்த ஊசியை எடுத்து எறிந்துவிடு. யார் கையிலாவது குத்திவிடும். உன் நோட்டில் அது ஒரு நன்மையாக இருக்கட்டும். ஆனால் உனக்கு நோட்டு எதற்கு? உன்னை மாதிரி நல்ல பிள்ளையை நான் பார்த்ததில்லை.

உன் பெரியம்மா


மார்ச் 22

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்த ஜெபப் புத்தகம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஆலயத்து வாசலில் கிடைத்தது. கழுத்து வலிக்கு நீங்கள் தேய்க்கும் தைலமும் வைத்திருக்கிறேன்.

நோட்டில் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. மடிப்பு அக்காவுக்கு ஜுரம் வந்தபோது அவள் பங்கையும் மடித்தேன். விடுதியில் கீழ்ப் படிக்கட்டைக் கழுவினேன். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் பக்கத்தை மூடும்போது மனது நிறையவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும்.

ஊசியை எறியவில்லை. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அதில் நூல் கோத்தது யார்? எப்போது?

உங்கள் பூனைக்குட்டி


ஏப்ரல் 2

பூனைக்குட்டிக்கு,

தைலம் வந்தது. அதைத் தேய்த்துக்கொண்டு அழுதேன், தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். இப்படிக்கூட யாராவது நினைப்பார்களா? என் வயிற்றில் பிறந்தவன்கூட என் கழுத்து வலியை மறந்துவிட்டான்.

நூல் கோத்தது நான்தான், வேறு யார்? விரிப்புகள் கெட்டுப்போன அதே நாள் காலையில்தான். மெஷின் பக்கத்து ஜன்னலில் நின்று, எச்சில் தொட்டு, ஒரே தடவையில் கோத்தேன். மத்தியானத்துக்குள் கண் போய்விடுமா என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். போய்விட்டதே, என்ன செய்ய?

இங்கே ஆலயத்தில் பாடகர் குழுவுக்குப் புது அங்கிகள் தைக்கிறார்கள். ஓரம் அடிக்க ஆள் வேண்டும் என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். முடியாது, கண் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் படி இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருத்தியின் செருப்பு வார் அறுந்தது வரை தெரிந்தது. பிறகுதான் தோன்றியது, தெரிந்ததா, தெரிந்த மாதிரி இருந்ததா? என் கண்ணை நானே நம்ப முடியவில்லை.

நீ ஒருத்தி இருக்கிறாய். அது போதும்.

உன் பெரியம்மா


ஏப்ரல் 10

பெரியம்மாவுக்கு,

உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை. நீங்கள் எந்தப் போர்வையையும் போடவில்லை.

அந்த நாள் தள்ளுவண்டியிலிருந்து வெள்ளை விரிப்புகளை அள்ளி உங்கள் மேசையில் போட்டது நான். என் சிவப்புக் கைக்குட்டையை இடுப்பில் செருகியிருந்தேன். அது விரிப்போடு விரிப்பாகச் சுருண்டு போய்விட்டது. உள்ளே சுருண்டிருந்ததை யார் கண்ணாலும் பார்த்திருக்க முடியாது. மெஷின் கதவைத் திறந்ததும் எல்லாரும் “ஐயோ”ன்னு கத்திக்கொண்டு விரிப்பைப் பார்த்தார்கள். நான் கைக்குட்டையைப் பார்த்தேன். உருவி ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டேன்.

சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், “சிவப்புப் போர்வையப் போட்டுட்டு எடுத்திருப்பீங்க, அதுகூடத் தெரியல. கண்ணு தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று கேட்டார். நீங்கள் என்னைத்தான் திரும்பிப் பார்த்தீர்கள். “அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி ஏப்ரனைக் கழற்றினீர்கள். அப்போது அந்த ஈரம் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் வரவில்லை. கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் இல்லை பெரியம்மா, பயம். வேலை போய்விட்டால் விடுதியிலும் இடம் போய்விடும்.

கடிதம், தைலம், புத்தகம் எல்லாவற்றையும் நன்மை என்று நோட்டில் எழுதினேன். வேதத்தில் ஆவியின் கனிகள் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிற குணங்களில் தயவு என்று ஒரு கனி இருக்கிறது, அதற்கு அடுத்து நற்குணம் என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். தைலம் அனுப்ப எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. முதல் கடிதம் போட்ட பிறகும் இதை எழுத முப்பத்தேழு நாள் ஆகியிருக்கிறது.

கைக்குட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அன்று அவசரத்தில் உருவியதில் ஓரம் கிழிந்திருக்கிறது. டாக்டரிடம் போங்கள். அங்கிகளுக்கு ஓரம் அடியுங்கள்.

நீங்கள் பதில் போடாவிட்டால் எனக்குக் கடிதம் எழுத வேறு ஆள் இல்லை. அதற்காக என்னை மன்னிக்க வேண்டாம்.

‘உங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை.

பூனைக்குட்டி


மே 6

பெரியம்மாவுக்கு,

இருபது நாளாக விடுதி வாசலில் தபால்காரரைப் பார்த்து நின்றேன். இருபத்தோராம் நாள் அவரே, “உனக்கு இல்லம்மா, உள்ள போ” என்று தூரத்திலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

நேற்று உறை வந்தது. உள்ளே கைக்குட்டை மட்டும் இருந்தது. உறையைக் கவிழ்த்துத் தட்டினேன், விரலை விட்டுத் துழாவினேன். ஒரு வரிகூட இல்லை.

பிறகுதான் பார்த்தேன். கிழிந்த ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறீர்கள். எறும்புக் கால் மாதிரி தையல். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது. உறைமேல் என் விலாசத்தைச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள், முன்பு மருந்துச் சீட்டுக்குப் பின்னால் கணக்கு எழுதுவீர்களே, அந்த அளவில்.

நீங்கள் இனி எனக்கு எழுதுவீர்களா என்று கேட்கவில்லை. இன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலையில் சூப்பர்வைசர் அறைக்குப் போய் எல்லாம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். “முடிஞ்சுபோன விஷயம். நான் ஒண்ணும் செய்யல, நீயும் விட்டுடு. போய் வேலையப் பாரு” என்றார்.

இது எனக்குக் கிடைக்கும் என்று நினைத்ததைவிட அதிகம். கதவு வரை வந்துவிட்டேன். திரும்பிப் போனேன்.

“அவங்க கண்ணப் பத்தி எல்லார் முன்னாடியும் சொன்னீங்க சார்.”

“அதுக்கு?”

“அவங்க இல்ல, நான்தான்னு எல்லாருக்கும் தெரியணும்.”

அவர் பேனாவை மறுபடி திறந்தார். “அப்ப நீயே சொல்லிக்கோ. என்னைச் சொல்லச் சொல்லாத.”

மத்தியான மணி அடித்தது. மடிப்பு மேசையைச் சுற்றி இருபது பேர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் மெஷினுக்குப் பின்னால் என் பெட்டிக்குப் போகவில்லை. மேசைப் பக்கம் போய் நின்றேன்.

“என்னடி பூனை, வழி தவறி வந்துட்டியா?” என்றாள் மடிப்பு அக்கா.

கைக்குட்டையை எடுத்து, தைத்த ஓரம் மேலே தெரியும்படி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். கடைசியில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக ஆரம்பித்தேன்.

பூனைக்குட்டி