மெட்டடோர் வண்டியும் மிக்கேல் சப்பரமும்

மிக்கேல் சம்மனசு துணை

அன்பு மகள் ஷெரினுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அம்மாவுக்கு மழை வாடை பட்டால் முழங்கால் வலி மட்டும் எட்டிப் பார்க்கிறது, மற்றபடி குறையில்லை. அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை முடிகிறபோது உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லித்தான் எழுந்திருக்கிறோம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதற்குள் உன் அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு, அவரு கெடக்குறாரு, நீ சாப்புட்டியாடி என்று ஆரம்பித்துவிடுகிறாள். காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது. முழுதும் படி, பாதியில் மடித்து வைக்காதே.

நீ அனுப்பிய குரல் செய்தியை இப்போதும் வைத்திருக்கிறேன். அப்பா அந்த வண்டிய எடைக்குப் போட்டுருங்கப்பா, மாமா வண்டியில சப்பரம் போனாத்தான் என்ன, மிக்கேல் கோவிச்சுக்கவா போறாரு என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாய். மிக்கேல் கோபித்துக்கொள்ள மாட்டார் அம்மா, நான் கோபித்துக்கொள்வேன். நம் ஊர்த் திருவிழாவில் மூன்று சப்பரங்களில் முதலில் போவது வாளோங்கிச் சாத்தானை மிதிக்கும் அந்த வானதூதருடையது, அதைச் சுமந்து போவது என் அப்பா வாங்கிய மெட்டடோர் பிக்கப். அவர் இறந்த பிறகு நான் ஓட்டுகிறேன். இந்த ஊரில் எனக்கென்று மிச்சமிருக்கும் முதல் இடம் அது ஒன்றுதான். தலைமையாசிரியர் நாற்காலி எனக்கு வரவேண்டிய ஆண்டில் பள்ளி நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்து, வாத்தியாருக்கு வாய் நீளம் என்று சொல்லி என்னைவிட இளையவருக்குக் கையைத் தூக்கியவர் யார் என்று உனக்குத் தெரியும். விருப்ப ஓய்வு என்று நான் எழுதிக் கொடுத்ததில் விருப்பம் எவ்வளவு இருந்தது என்பதும் தெரியும். அதே சவரியப்பன்தான் இன்று திருவிழாக் கமிட்டித் தலைவர், உன் மாமனாரும் கூட. நீ ஜஸ்டினைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது நான் தடுக்கவில்லை, பையன் என்னிடம் இயற்பியல் படித்தவன், அப்பனுக்காகப் பிள்ளையைத் தண்டிக்கிற ஆள் நானில்லை. அதற்காக, உங்கள் கல்யாணத்தில் என் தம்பியை அவர்கள் இரண்டாம் பந்தியில் உட்காரவைத்ததை நான் மறந்துவிட்டதாக அர்த்தமில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்து வைக்கோல் ஏற்றி வரும்போது வளைவில் திரும்பினால் வலது முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம், வீட்டுக்கு வருவதற்குள் உடைந்து நின்றுவிட்டது. மற்ற வண்டிகளைப் போல இதைப் பின்சக்கரம் தள்ளுவதில்லை, முன்சக்கரம் இழுக்கிறது, இழுத்துக்கொண்டே திரும்பவும் வேண்டும், அந்த இரண்டு வேலையும் சேரும் இடத்தில் இருக்கிற ஜாயின்ட் தூளாகிவிட்டது. அன்னவாசல் மெக்கானிக் பெரியகருப்பன் வந்து கீழே படுத்துப் பார்த்துவிட்டு, சாமான் கெடைச்சா நான் மாட்டிருவேன் சார், கெடைக்கலைன்னா ஒங்க ஆண்டவருதான் எறங்கி வந்து மாட்டணும் என்றான். செய்தி ஊருக்குள் போக எவ்வளவு நேரமாகும்? என்னைக் கூப்பிடாமலே கமிட்டி கூடி, கொடியேற்றத்தன்று தன் காலால் கோயில் மைதானத்துக்கு வருகிற வண்டிதான் மிக்கேலைச் சுமக்கும், வராவிட்டால் சவரியப்பன் புதிதாக எடுத்திருக்கும் வண்டி சுமக்கும் என்று முடிவு செய்துவிட்டது. அதோடு விட்டார்களா, வாத்தியார் வண்டிய வேணும்னா கயிறு கட்டி இழுத்துட்டு வருவோம், மூணு சப்பரத்தோட நாலாவது சப்பரமாப் போகட்டும் என்று உன் மாமனார் சொல்ல எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கோயில் உபதேசியார்தான் வந்து சொன்னார், சொல்லும்போது அவரும் கொஞ்சம் சிரித்தார், அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

தேடாத இடமில்லை. திருச்சியில் பழைய சாமான் விற்கிற தெருவில் ஒரு கடைக்காரர், இந்த வண்டிக்கு ஸ்பேர் கேட்டு கடைசியா வந்த ஆளு நீங்கதான் சார், அதுக்கு முன்னாடி வந்ததும் நீங்கதான் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மதுரையில் இல்லை, நாமக்கல்லில் சிரித்தார்கள். இணையத்தில் ஆர்டர் போட்டேன், அதே பெயருள்ள ஏதோ மோட்டார் சைக்கிளின் செயின் வந்து சேர்ந்தது, அதை உன் அம்மா கிணற்று வாளிக்குக் கட்டிவிட்டாள். பிறகுதான் யோசித்தேன், ஒரு காலத்தில் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வந்ததெல்லாம் மெட்டடோர்தானே. பஸ் ஏறிக் கோட்டைப்பட்டினம் போனேன். அங்கே ஐஸ் வியாபாரம் செய்யும் நெய்னா முகமது என்பவர் வீட்டில் ஒரு வண்டி இருந்ததாகச் சொன்னார்கள். அவர் நிதானமாகச் சொன்னார், இருந்துச்சு சார், எஞ்சின் மீன்பிடி போட்டுல ஏறிக் கடலுக்குப் போயிருச்சு, பாடி கோழிக்கூடா கெடக்கு, நீங்க கேக்குற சாமான் அந்தா சுத்துது பாருங்க. பார்த்தால் ஐஸ் உடைக்கிற மெஷினில் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் இணைத்துக்கொண்டு நம் ஜாயின்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்டேன், தர மாட்டேன் என்றார். இத நிறுத்துனா எனக்கு ஐஸ் இல்ல, ஐஸ் இல்லைன்னா ஊரு மீனு பூரா நாறிப்போகும், ஒங்க சாமிக்காக எங்க ஊர நாறடிக்கலாமா என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மெஷின் எந்தப் பக்கமும் திரும்புவதில்லை, நேராக மட்டுமே சுற்றுகிறது, அதற்கு எந்த ஊரிலும் கிடைக்கிற சாதாரண ஜீப் ஜாயின்ட் போதும். தரையில் கரித்துண்டால் படம் போட்டுக் காட்டினேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அப்ப வெள்ளிக்கிழமை வாங்க, அன்னிக்குக் கடலுக்குப் போட்டு போகாது, நீங்க சொன்னது சுத்துச்சுன்னா இது ஒங்களுக்கு, சுத்தலைன்னா நீங்களே நின்னு சம்மட்டியால ஐஸ் ஒடைக்கணும் என்றார். வெள்ளிக்கிழமை பெரியகருப்பனையும் ஜீப் ஜாயின்டையும் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றியது. மீன் குழம்போடு சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

ஜாயின்ட் வந்தது, ஆனால் அதை மூடுகிற ரப்பர் உறை உப்புக் காற்றில் பிய்ந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் கிரீஸ் வெளியே வரும், மண் உள்ளே போகும், இவ்வளவு பாடும் பத்து நாளில் வீண். வேறு வண்டியின் உறைகளை மாட்டிப் பார்த்தோம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினோம், இரண்டு முறை திரும்பியதும் கிழிந்தது. அந்தப் பிய்ந்த உறையைத்தான் ஒரு நாள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். எதையும் கேட்கவில்லை, சும்மா அனுப்பினேன். அதற்குத்தான் நீ எடைக்குப் போடச் சொன்னாய். நீ பதில் சொல்லிவிட்டு மறந்திருப்பாய். கொடியேற்றத்துக்கு முந்தைய வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெயர். உள்ளே புத்தம்புதிய ரப்பர் உறை. இந்த வண்டியின் பூர்வீகம் நீங்கள் இருக்கிற ஹாம்பர்க்தான் என்று எனக்குத் தெரியும், பழைய வண்டிகளை வைத்துக்கொண்டு கொண்டாடுகிறவர்கள் அங்கே இருப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் ரப்பரின் உட்புறம் வெள்ளை சாக்பீஸால் ‘வலது பக்கம்’ என்று தமிழில் எழுதியிருந்தது. அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது யார்? அந்தக் கையெழுத்தை இரண்டு ஆண்டு சிவப்பு மையால் திருத்தியவன் நான், ஷெரின். உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பெரியகருப்பனை வரச்சொல்லி மாட்டினேன். கையுறை மாதிரி ஏறி உட்கார்ந்தது.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். போன திருவிழா முடிந்ததும் உன் மாமனார் மாதா தெரு முனையில் தன் அப்பா பெயரைப் பெரிதாகப் பொறித்து ஒரு கான்கிரீட் வளைவு கட்டினார். சாமியார் வந்து ஆசீர்வதித்த மந்திரிப்புக்கு ஊரையே அழைத்தார், எனக்கு அழைப்பில்லை. கொத்தனார் அதற்கு உயரம் எடுத்தது நம் வண்டி மேல் நின்ற மிக்கேல் சப்பரத்தை வைத்து. நம் வண்டியில் பின்பக்கம் சுழலும் தண்டு கிடையாது, அதனால் தட்டு தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும், தோளில் இருக்கிற சப்பரத்தை ஏணி இல்லாமல் அப்படியே இறக்கி வைக்கலாம். உன் மாமனாருடைய புது வண்டியின் தட்டு அதைவிட ஒரு முழம் உயரம். அந்த வண்டி ஊருக்குள் வந்த அன்றே பார்த்தவுடன் எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவுமில்லை, எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே.

கொடியேற்றத்தன்று மாலை உன் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள், வண்டி தன் காலால் மைதானத்துக்குப் போனது. போய்ப் பார்த்தால் அதற்குள் சப்பரத்தைப் புது வண்டியில் ஏற்றிக் கீரமங்கலத்துப் பூவெல்லாம் சாத்திவிட்டார்கள். வந்துட்டீங்களா சம்பந்தி, சந்தோசம், அங்கிட்டு வேப்பமரத்தடியில ஓரமா நிறுத்துங்க, அடுத்த வருசம் பாத்துக்கிருவோம் என்றார் உன் மாமனார். பங்குச் சாமியார் தரையைப் பார்த்தார். நான் ஓரமாகத்தான் நிறுத்தினேன், எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. கொடி ஏறியது, பேண்டு வாசித்தார்கள், சப்பரம் புறப்பட்டு மாதா தெரு முனைக்குப் போய் நின்றது. மிக்கேல் ஓங்கிய வாள் வளைவில் இடித்து நிற்கிறது. பின்னால் எடுத்து மறுபடி வந்தார்கள், வாள் கொஞ்சம் குறைந்தா வரும்? டயரில் காற்றை இறக்கினார்கள். வாளைக் கழற்றலாம் என்றால் கையும் வாளும் ஒரே மரம். ஒருவர் சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்று சொல்ல, கூட்டத்தில் ஆரோக்கியம்மாள் அத்தை, ஏன்டா, அவரு சாத்தான மிதிக்கப் போறாரா, தூங்கப் போறாரா என்று ஒரு போடு போட்டாள். சிரிப்பு அடங்கி, பேண்டும் நின்றபோதுதான் எல்லோருக்கும் வேப்பமரத்தடியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரையோ அனுப்பிக் கூப்பிட்டார்கள், போகவில்லை. உன் அம்மா கிள்ளினாள், அப்போதும் போகவில்லை. கடைசியில் உன் மாமனாரே நடந்து வந்தார். முகத்தைப் பார்க்காமல் பானெட்டைத் தட்டிக்கொண்டே, வண்டி நடுவழியில நின்னுறாதே சம்பந்தி என்றார். நிக்காது, ஒங்க வீட்டுச் சாமான் போட்டிருக்கு என்றேன். எங்க வீட்டுச் சாமானா என்றார். ஒங்க மகன்கிட்டக் கேளுங்க என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

நம் வண்டிக்கு மாற்றி வைத்ததும் சப்பரம் வளைவுக்குள் நான்கு விரல் இடைவெளியில் நுழைந்தது. உன் மாமனார் நம் வண்டிக்கு முன்னால் நடந்தார், நான் முதல் கியரில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தேன். ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை, அடிக்க ஆசையாகத்தான் இருந்தது. இனி திருவிழா முடிவில் வரும் பெரிய சப்பரத்தன்றும் நம் வண்டிதான், அதை மட்டும் சாமியாரே அறிவித்துவிட்டார். இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தலைமையாசிரியர் பதவி அப்படியேதான் இருக்கிறது, இரண்டாம் பந்தியும் அப்படியேதான் இருக்கிறது.

உன் மாமனார் இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் ஜஸ்டினைப் போனில் பிடிப்பார். அதற்கு முன் இந்தக் கடிதம் வந்து சேராது என்பதால் இதைப் போட்டோ எடுத்தும் அனுப்புகிறேன். அவன் அப்பனுக்குப் பயந்தவன், எனக்கும் பயந்தவன். தெரியாது என்று சொல்லிவிடாமல், ஆமா நான்தான் அனுப்பினேன் என்று சொல்லச் சொல். உரக்கச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் போதும். நீயும் இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, காலில் உறை போடாமல் வீட்டுக்குள்ளும் நடக்காதே. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர், தேவமாதா உங்களைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

மறக்காமல் ஒன்று. இடது பக்கத்து ரப்பர் உறையும் வெடிப்பு விட்டிருக்கிறது, அடுத்த திருவிழா வரை தாங்காது. இன்னொன்று வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல். இந்த முறை நான் கேட்டே வாங்குகிறேன். அவனும் பார்சலின் மேல் தன் பெயரையே எழுதட்டும்.

உன் அப்பா,
ஆரோக்கியதாஸ்