அவர் போன பிறகு வெளியான வாழ்த்து

அன்புள்ள அப்பாவுக்கு, காளீஸ்வரி எழுதுவது. போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால் இந்தக் கடிதம். இருமல் குறைந்ததா? சென்னையில் நான் சுகம்.

கடைகளின் பேஸ்புக் பதிவுகளை மாதத் தொடக்கத்திலேயே தயாரித்துத் தேதி குறித்துவைப்பது என் வேலை. அந்தந்த நாளில் தானாக வெளியாகும். தீபாவளிக்கு முந்தின நாள் நம் பந்தல்குடி ஜவுளிக்கடை முதலாளி இறந்தாரல்லவா? எனக்குத் தகவல் வரவில்லை. மறுநாள் காலை, அவர் கும்பிட்டுச் சிரிக்கும் படத்தோடு கடையின் தீபாவளி வாழ்த்து வெளியாகிவிட்டது. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. அவர் மனைவியே கூப்பிட்டார்.

"அழிச்சிராதம்மா. அவுக சிரிச்ச மாதிரி இன்னொண்ணு இருந்தா நாளைக்கும் போடு."

இல்லை அப்பா, அவர் சிரித்த படம் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஆடுகளோடு நீங்கள் நிற்பதைத் தம்பியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சிரியுங்கள். மேனேஜர் கூப்பிடுகிறார். ஒன்று போதாது, நிறைய எடுக்கச் சொல்லுங்கள்.

காளீஸ்வரி