சம்சாரம் மட்டும் போதும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கோடவுனில் சுக்கு மூட்டை ஒன்றும் இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்ததற்கும் இடுப்பு வலி.

செல்வி பஹ்ரைன் போய் ஐந்து மாதம். மகள் பிரசவத்துக்கு. என்னிடம் இருப்பது பட்டன் போன். அவள் கூப்பிடுவது மேல்வீட்டு லில்லிச் சேச்சியின் வாட்ஸாப்பில். சேச்சியின் அடுக்களையில் நின்றுதான் நான் பேச வேண்டும். இன்றும் அப்படியே. சேச்சி மத்தி மீன் கழுவிக்கொண்டு, அவர் மாமியார் காதை நீட்டிக்கொண்டு.

"புள்ள நடக்கிற வரைக்கும் இருன்னு மக சொல்லுதா. மருமகன் விசா நீட்டணும், வெள்ளிக்குள்ள சொல்லுங்கன்னாரு. இருக்கட்டா, வரட்டா?" என்றாள் செல்வி.

"இரு, இரு. எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்."

ராஜா கீழே இறங்கி வந்து நேற்றைய கஞ்சியைச் சூடாக்கிக் குடித்தார்.

'வா' என்பது ஒரே எழுத்து. மத்திக்கும் மாமியாருக்கும் முன்னால் வாயில் வரமாட்டேன் என்கிறது. முடிவு: சொந்தமாக ஒரு நல்ல போன். வெள்ளிக்குள்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். போனில் வேண்டியவை:

– எட்டாயிரத்துக்குள்
– எழுத்து பெரிதாக, தமிழில் (இந்த ஊர் மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது)
– முன் கேமரா சுமார் போதும். இந்த மூஞ்சிக்கு அதுவே அதிகம்

சாயங்காலம் சுள்ளிக்கல்லில் ஒரு பழைய போன் கடை. "செகண்ட் ஹேண்டாணு அண்ணாச்சி, பக்ஷே புதுசு போலத்தன்னெ" என்றார் கடைச் சேட்டன். தொட்டேன். அசையவில்லை. மறுபடி தொட்டேன். இருபது வருடம் சுக்குத் தூசியில் உரசிய விரல், ரேகை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அவர் தொட்டால் ஓடுகிறது. என்னை மனிதக் கணக்கிலேயே சேர்க்கவில்லை போலும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பல் தேய்க்கும் பேஸ்ட் தீரவே மாட்டேன் என்கிறது. அவள் போகும்போது வாங்கி வைத்த பெரிய டியூப். ஒரு ஆளுக்கு எத்தனை நாள்தான் வரும்!

ஜூன் 11, புதன்

தோப்பும்படியில் புதுப் போன் வாங்கியாயிற்று. ஏழாயிரத்துச் சொச்சம். முதலில் விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டேன். ஏற்றுக்கொண்டது.

கடைப்பெண் கடை நெட்டிலேயே வாட்ஸாப்பையும் ஏற்றிக் கொடுத்தாள். பிறகு ரீசார்ஜ்.

"அங்கிளே, சம்சாரம் மாத்ரம் மதியோ, நெட்டும் வேணோ?"

இங்கே சம்சாரம் என்றால் பேச்சு. எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த நேரம் மனசு பஹ்ரைனில் நின்றது. தமிழ்க் காதுதான் கேட்டது.

"சம்சாரம் மட்டும் போதும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன், ரொம்ப உருக்கமாக.

அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏதோ தட்டினாள்.

ஆறு மணி. நல்ல சட்டை, தலை வாரி, கதவைச் சாத்தி, செல்வியைக் கூப்பிட்டேன். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

கோடவுனில் மூன்று லோடு. கடைக்குப் போக முடியவில்லை. போனை லில்லிச் சேச்சியிடம் காட்டினேன்.

"அண்ணாச்சி, இதில் நெட்டே இல்லல்லோ! விளிக்கான் மாத்ரம் உள்ள பிளானாணு."

சும்மா கூப்பிட மட்டும்தான் ஆகுமாம். கடையில் நடந்ததைச் சொன்னேன். மீன் நறுக்கிய கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மாமியாருக்குச் சத்தமாக ஒருமுறை சொல்லி மறுபடி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது செல்விக்கு அறியாமோ?"

"எது தெரியுமா?"

"ஒந்நுமில்ல." ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுத்தார். நான் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டது. மதியம் நெட் போட்டாயிற்று. "இப்போ ரெண்டும் உண்டு, அங்கிளே" என்றாள் கடைப்பெண்.

ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். செல்வி முகம். பின்னால் மகள், மருமகன், பேரன், டிவி. கல்யாண வீடு போல. "சாப்ட்டியளா, என்ன குழம்பு, புதுப் போனா..." எல்லாரும் ஒரே நேரத்தில். தனியாகப் பேச இவ்வளவு பாடுபட்டேன், கூட்டம் இப்போது அந்தப் பக்கம்.

"ராஜா மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

செல்வி எழுந்தாள். படம் ஆடியது. கதவு சாத்தும் சத்தம். பின்னால் வாளி, குழாய். குளியலறை. அவள் மட்டும்.

"லில்லி எல்லாம் சொல்லிச்சு. கடையில சம்சாரம் மட்டும் போதும்னியளாமே."

"மலையாளத்துல பேச்சுன்னு அர்த்தம்."

"தெரியும். நானும் இருபது வருசம் அங்கதான இருந்தேன்."

குழாய் சொட்டுவது இங்கே வரை கேட்டது.

"டிக்கெட் போடச் சொல்லட்டா?"

நெட் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதும் அந்த ஒற்றை எழுத்து வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். முன் கேமரா சுமார் இல்லை, நல்ல கேமரா. தெரிந்துவிட்டது.

நாளை வாங்க வேண்டியது: பேஸ்ட். பெரியது, இரண்டு ஆளுக்கு.