முதலில் பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

தடுப்பூசி போடக் குட்டிம்மாவைத் தூக்கிக்கொண்டு போனோம். 'போனோம்' என்றால், இவர் தூக்கினார். நான் பின்னால் கைத்தடியோடு டக் டக்கென்று போனேன். சீட்டு எழுதும் பெண் என் காலைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கூட யாரு வந்திருக்காங்க?"

பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்த கேள்வி. இடது கால் சின்ன வயதிலேயே முரண்டு பிடித்துக்கொண்டது, உண்மைதான். அதற்காக? ஊருக்கெல்லாம் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவளுக்கு, பெற்ற பிள்ளையைத் தெருவுக்குக் கூட்டிப்போகத் தெரியாதா?

ஒரு கையில் தடி, மறுகையில் நெளிகிற பிள்ளை – அது ஆகாது. ஆனால் குழந்தை வண்டி தள்ளலாமே! குட்டிம்மாவை நான் தனியாகப் பூங்காவுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். முடிவு செய்தாயிற்று.

மார்ச் 5

இவரிடம் சொன்னேன். "பூங்காவுக்குத்தானே? லீவு போட்டுட்டு நானும் வரேன்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

நாத்தனார் தன் மகனுடைய பழைய வண்டியோடு வந்தாள். "புதுசு எதுக்கு அண்ணி? இது ராசியான வண்டி." கைப்பிடி இரண்டும் தனித்தனி, குடைக்காம்பு மாதிரி. வலது கையில் தடி. எனக்கு மிச்சம் இடது கைதானே? ஒற்றைப் பிடியைப் பிடித்துத் தள்ளினால் வண்டி நேரே போகாமல் என்னையே வட்டமடித்தது. நாத்தனார் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

அதில் சாய்மானமும் போதாது. கழுத்து நிற்காத பிள்ளை மட்டமாகப் படுக்க வேண்டும். ராசியான வண்டி வந்த வழியே போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

கடைக்காரர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லாம் இவரிடம்தான். "பிரேக்கைப் பாருங்க சார், காலால ஒரு அமுக்கு, அவ்வளவுதான்!"

"எந்தக் காலால?" என்று கேட்டேன்.

மனிதர் அப்போதுதான் என் தடியைப் பார்த்தார். அதன்பிறகு என்னிடம்தான் பேசினார். உள்ளே போய்த் தூசி தட்டி ஒன்றை உருட்டி வந்தார். குறுக்கே ஒரே நீளக் கைப்பிடி, அதிலேயே கைபிரேக். தோள், இடுப்பு, கால் இடுக்கு என்று சேர்த்துப் பூட்டுகிற பெல்ட். வண்டி கைநழுவி ஓடாமலிருக்க மணிக்கட்டில் மாட்ட ஒரு வார். முதுகுப்பக்கம் முழுக்கப் படுக்கிறது. நிறம்தான் பூசணிக்காய். போகட்டும், தூரத்திலேயே தெரியும்.

இடது கையால் தள்ளினேன். நேரே போயிற்று! கடை முழுக்கச் சுற்றி வந்தேன். இவர்தான், "போதும், வாசல் வழியா ஓட்டிட்டுப் போயிடாதே" என்றார்.

மார்ச் 10

இவர் பஸ் டிரைவர். லைசன்ஸ் வாங்காமல் பிள்ளையை ஏற்றக்கூடாதாம். "முதல்ல பிரேக், அப்புறம்தான் கதவு. பஸ்ஸுல எனக்கு அதான் சட்டம். உனக்கு முதல்ல பிரேக், அப்புறம்தான் பெல்ட்டுல கை." பேச்சு கிண்டல்தான், கண்ணில் பயம் தெரிந்தது. எங்கள் தெரு அப்படி. வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டால் பூங்காவில் போய்த்தான் நிற்கும்.

ஆகவே குட்டிம்மா எடைக்கு ஒரு கோதுமை மாவு மூட்டை. மாவுக்குட்டி என்று பெயரும் வைத்தாயிற்று. நான் ஓட்டிப் பழகும் நேரத்தில் குட்டிம்மா நாத்தனார் வீட்டில்.

மார்ச் 12, புதன்

மாவுக்குட்டியோடு முதல் நடை. வெயிலுக்காகத் துணியால் மூடியிருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். "ஏன்டி, இப்படிப் பொத்தி வச்சா பிள்ளைக்கு மூச்சு முட்டாதா? உள்ளேயே வெந்துடாதா?" என்று படக்கெனத் துணியை விலக்கினார்.

மாவு.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நல்லாத்தானே இருக்கே?"

விளக்கிச் சொல்வதற்குள் சிரிப்பில் எனக்குத்தான் மூச்சு முட்டியது. ஆனால் அவர் சொன்னது நியாயம். துணி வேண்டாம், வண்டியின் கூரையே போதும்.

மார்ச் 15, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

கடைவீதியிலிருந்து வரும்போது காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டியிருந்தேன். வீட்டுக்குள் வந்து பிரேக் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பெல்ட்டை அவிழ்த்து மாவுக்குட்டியைத் தூக்கினேன். முன்பாரம் போனதும் வண்டி பையோடு பின்னால் மல்லாந்தது. அதைப் பிடிக்கப் பாய்ந்தேன் – மாவுக்குட்டி கை தவறிற்று. மூட்டை வெடித்து வீடெல்லாம் வெள்ளை.

மாவுதான். வெறும் மாவுதான். குட்டிம்மாவா இருந்திருந்தா? ஐயோ... எனக்கு எதுக்கு இந்த ஆசை? கூட யாருன்னு கேக்கிறாங்களே, அது சரிதானோ?

இவர் வந்தார். யூனிஃபார்மோடு மாவுக்கு நடுவே நின்றார். 'நான் அப்பவே சொன்னேன்' வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இவர் வண்டியை நிமிர்த்திப் பையை அதன் அடிக்கூடையில் வைத்தார், ஆட்டிப் பார்த்தார். சாயவில்லை.

"இனிமே பையைக் கைப்பிடியில மாட்டாதே. வண்டி விழுந்தா விழட்டும், பிள்ளையை விடாதே," என்றார். பிறகு, "நாளைக்கு இன்னொரு மூட்டை வாங்கிட்டு வரேன்."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். யூனிஃபார்மும் மாவாயிற்று.

மார்ச் 21

மாவுக்குட்டி இரண்டாமவள் தினமும் பூங்கா போய்வருகிறாள். ஒரு கீறல் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

இவர் வேலைக்குக் கிளம்பும்போது, "நான் வேணா..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டு போனார். நல்ல மனிதர்.

பெல்ட்டைப் பூட்டினேன். வாரை மணிக்கட்டில் மாட்டினேன். எதிர்வீட்டு அக்கா கூரைக்கு அடியில் குனிந்து, "இன்னைக்கு மாவா, மகளா?" என்றார். மகள் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

சரிவில் மெதுவாக, மிக மெதுவாக இறங்கினோம். வண்டி நேரே போயிற்று. நானும்தான்.

பூங்கா பெஞ்சில் முன்பின் தெரியாத ஒரு அம்மா. தடியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட யாரும் வரலையாம்மா?"

முதலில் பிரேக். பிறகு உட்கார்ந்தேன். அப்புறம் பெல்ட்.

"வந்திருக்காளே!" என்று அவளைத் தூக்கிக் காட்டினேன்.