ஃபாரூக் அடித்த தண்ணீர்

11.10.2016, செவ்வாய்

சுப்பிரமணியன் சாரின் கார் திரும்பி வந்துவிட்டது. ஆயுத பூஜைக்காக ஞாயிறன்று நம் ஷெட்டில் கழுவிக் கொடுத்த வண்டி. இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைப் போட்டால், பெட்ரோல் டேங்கில் அழுத்தம் பார்க்கும் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்கிறது. சார் நிலக்கரி மைன்ஸிலிருந்து இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து ராஜபாளையம் வரை இதில்தான் போக வேண்டும். "நடுவழியில நின்னுட்டா என்ன பண்றது தனகோட்டி?" நிற்காது சார் என்றேன். நம்பவில்லை.

13.10

புது சென்சார் மாட்டினோம். விளக்கு அணைந்தது. டவுன்ஷிப்பில் பிளாக் 19 தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது.

14.10

சார் முன்னால் இன்று கத்திவிட்டேன். "எல்லாம் இவன் பண்ண வேலை சார். அடியில தண்ணிய பீச்சி அடிச்சுக் கெடுத்துட்டான்." பன்னிரண்டு வருஷம் கூட வேலை செய்த ஃபாரூக்கை.

"பிளக்குல ரப்பர் சீல் இருக்குதுண்ணே, தண்ணி போவாது" என்று மட்டும் சொன்னான். வாயை மூடு என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

15.10

வரவில்லை. போன் எடுக்கவில்லை.

17.10

குள்ளஞ்சாவடியில் ஒரு ஷெட்டில் சேர்ந்துவிட்டானாம். அதற்குள்! போகட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

19.10

தனியாகவே படுத்துப் பார்த்தேன். சென்சார் பிளக்கைப் பிடுங்கினால் உள்ளே காய்ந்து சுத்தமாக இருக்கிறது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஐந்து வோல்ட் வருகிறது, எர்த் சரி. மிச்சம் சிக்னல் ஒயர் ஒன்றுதான். மீட்டரை இரண்டு முனையிலும் வைத்து ஒயரை ஆட்டினேன் – தொடர்பு போகிறது, வருகிறது. விரலால் தடவிக்கொண்டே போனால் டேங்க் பக்கம் ஓர் இடத்தில் தொளதொள என்றிருந்தது. பிளேடால் கீறினேன். உள்ளே செம்புக் கம்பி களிம்பேறி முழுக்கப் பச்சைப் பொடி. மேலே பிளாஸ்டிக்கில் ஊசி குத்திய துளை. அது வழியாகத்தான் இத்தனை மாதமாக ஈரம் இறங்கியிருக்கிறது.

யார் குத்தியது? நான். போன மார்கழியில் இதே வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓடவில்லை என்று, டெஸ்ட் லேம்ப் ஊசியால் ஒவ்வொரு ஒயராகக் குத்திக் கரண்ட் பார்த்தேன். குத்தினால் டேப்பாவது சுற்ற வேண்டாமா? சுற்றவில்லை. ஃபாரூக் ஒயரைக் குத்தவே மாட்டான். பிளக்கின் பின்பக்கமாகத்தான் பார்ப்பான். அதற்கு அவனை டாக்டர் என்று கிண்டல் செய்தவன் நான். அவன் தண்ணீர் அடிக்காவிட்டாலும் ஒரு மழை போதும், இது நடந்திருக்கும்.

ஐயோ, என்ன வாய்டா இது எனக்கு.

20.10

கெட்டதை வெட்டிப் புது ஒயர் சேர்த்து சால்டரில் பற்றவைத்து டேப் சுற்றி மூடினேன். வடலூர் வரை போய் வந்தேன், விளக்கு எரியவில்லை. "என்னப்பா கோளாறு?" என்றார் சார்.

ஈரம் சார் என்றேன். ஈரமாம்! கோழை.

23.10

குள்ளஞ்சாவடி போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றான் ஃபாரூக். "நீங்க குத்திக்கினு இருந்தப்ப பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தேன். லைட்டு திரும்ப எரிஞ்சப்பவே நெனச்சேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சார் நின்னுக்கினு இருந்தாருல்ல. உங்கள என்னானு நெனப்பாரு?"

டீ வாங்கிக் கொடுத்தான். திரும்பி வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை.

27.10

சார் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தார். "அதான் சரியாயிடுச்சே, விடுப்பா" என்று சிரித்தார். அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. இதற்காகவா அவனைத் தொலைத்தேன்?

2.11

நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஃபாரூக் வந்து தன் டூல்ஸ் பெட்டியை எடுத்துப் போயிருக்கிறான். ஷெட் சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்திருக்கிறான். ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலியே" என்றார் கடைக்காரர்.

கொஞ்ச நேரம் கழித்துப் போய் மறுபடியும் கேட்டேன்.